குணசிங் திருப்பிய டோக்கன்

தவசிக்கனிக்கு முதன்முதலில் கேடு செய்தவன் குணசிங். அவனுக்குப் பிறகு கேடு செய்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு, விடுதிக்காரி ஓகினோ உண்டு, வகுப்பு டீச்சர் உண்டு, வெள்ளைத் தொப்பி வைத்த தீயணைப்புக்காரன் உண்டு, கடைசியில் சொந்தக் காலே உண்டு. ஆனால் அத்தனை பேரும் குணசிங் திறந்துவிட்ட வாசல் வழியாக வந்தவர்கள்தான் என்பதால், தவசிக்கனி யாரை மறந்தாலும் அவனை மறப்பதில்லை என்று வைத்திருந்தார்.

இருவரும் தூத்துக்குடியில் கப்பல் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வெல்டிங் அடித்தவர்கள். பட்டறை வாசல் பலகையில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் தொங்கும். ஏழு மணிச் சங்கு ஊதி முடிவதற்குள் அவனவன் டோக்கனை அவனவன் எடுத்துப் பெட்டியில் போட வேண்டும், போடாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. குணசிங் தூக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவன். அதனால் தவசிக்கனி வலது கையால் தன் டோக்கனையும் இடது கையால் அவன் டோக்கனையும் எடுத்து, இரண்டும் ஒரே சத்தமாக விழும்படி போட்டுவிடுவார். பதினோரு வருஷம் போட்டார், காய்ச்சல் அடித்த நாளிலும் குணசிங்குக்காகவே எழுந்துபோய்ப் போட்டார். இதற்காகக் குணசிங் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதைத் தவசிக்கனி ஒரு நாளும் மறந்ததுமில்லை.

ஜப்பானுக்குக் கப்பல் கட்டும் வேலைக்கு ஆள் எடுத்தபோது இருவரையும் ஒன்றாக எடுத்தார்கள். வேலைக்கு முன்னால் ஆறு மாதம் விடுதியில் தங்கி அந்த ஊர் மொழி படிக்க வேண்டும் என்றார்கள். தவசிக்கனிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது, படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவர் அடித்த வெல்டிங் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்ததால் வயதையும் படிப்பையும் யாரும் கேட்கவில்லை. ஜப்பானின் மேற்குக் கடற்கரையில், பனி மேலிருந்து விழாமல் கடலிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒரு சின்னத் துறைமுக ஊரில் அந்த விடுதி இருந்தது. மூன்று மாடி. கீழே சாப்பாட்டுக்கூடம், நடு மாடியில் கப்பல் வேலைக்கு வந்த ஆண்கள், மேல் மாடியில் முதியோர் இல்ல வேலைக்கு வந்த பெண்கள், நேபாளம், வியட்நாம், பர்மா, தமிழ்நாடு என்று எல்லாமாக முப்பத்தோரு பேர்.

விடுதி வாசலிலும் ஒரு பலகை இருந்தது. அதைப் பார்த்ததும் குணசிங், "அண்ணாச்சி, நம்ம டோக்கன் இங்கயும் வந்துட்டுல்லா" என்று சிரித்தான். இது பித்தளை இல்லை, விரல் நீள மரச்சில்லு. ஒரு பக்கம் பெயர் கறுப்பில் எழுதியிருக்கும், மறுபக்கம் அதே பெயர் சிவப்பில். உள்ளே இருப்பவன் கறுப்பு, வெளியே போகிறவன் சிவப்பாகத் திருப்பிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் கறுப்பாகத் திருப்பி "ததைமா" என்று சொல்ல வேண்டும், அதாவது இதோ வந்துவிட்டேன் என்று. உள்ளே இருக்கிற யாராவது "ஒகாயேரி", வா வா, என்று பதில் சொல்ல வேண்டும். விடுதிக்காரி ஓகினோவுக்கு எழுபது வயது, முதுகு கம்பி மாதிரி நிமிர்ந்தவள். முதல் நாளே எல்லாரையும் பலகை முன்னால் நிறுத்தி, தன் மார்பைத் தொட்டுக் காட்டித் தன் சில்லைத் திருப்பினாள், பிறகு அடுத்தவன் சில்லுக்கு நேரே விரலை நீட்டித் தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். அவனவன் சில்லை அவனவன் கைதான் தொட வேண்டும். தீப்பிடித்தால் தீயணைப்புக்காரர்கள் முதலில் இந்தப் பலகையைத்தான் படிப்பார்கள், எத்தனை கறுப்போ அத்தனை பேரைத்தான் தேடுவார்கள் என்றாள்.

பலகையின் கீழ் மூலையில் ஒரு சில்லு எப்போதும் சிவப்பாகவே தொங்கிக்கொண்டிருந்தது, எழுத்து மங்கிப்போயிருந்தது. நடு மாடியில் பல் தேய்க்கும் தொட்டியில் வரிசையாக எட்டுக் குழாய்கள். கடைசிக் குழாய் தினமும் காலை ஆறு பத்துக்குத் தானாகத் திறக்கும், ஒரு ஆள் பல் தேய்த்து முகம் கழுவும் நேரம் ஓடும், பிறகு மூடிக்கொள்ளும். தவசிக்கனி முதல் வாரமே ஸ்பானர் கேட்டார், வாஷரை மாற்றிவிடலாம் என்று சைகை காட்டினார். ஓகினோ பதறிப்போய்க் கையை வீசினாள். அது பாத்து-சான் குழாய், சான் என்பது பெயருக்குப் பின்னால் வைக்கிற மரியாதை, பாத்து மங்கோலியாவிலிருந்து படிக்க வந்தவர், வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள். போய் எத்தனை நாள் ஆகிறது என்று குணசிங் கேட்டுச் சொன்னான், பதினேழு வருஷமாம். ஓட்டைக் குழாய்க்கும் மரியாதை கொடுக்கிற ஊர் போலிருக்கிறது என்று தவசிக்கனி நினைத்துக்கொண்டார். ஏழு குழாய்க்கு நடு மாடி ஆண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றாலும் அந்த எட்டாவது குழாயை யாரும் தொடுவதில்லை.

டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் கப்பல் ஒன்றைக் கடலில் இறக்கும் சடங்கைப் பார்க்கக் கம்பெனி பஸ் வந்தது. எல்லாரும் வாசலில் குவிந்து செருப்பைக் கழற்றி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். தவசிக்கனி வாசற்படியில் உட்கார்ந்து வலது காலில் ஷூ மாட்டிவிட்டார், இடது காலில் இன்னும் விடுதிச் செருப்பு இருந்தது. அப்போது குணசிங் பலகைக்கு முன்னால் போய், வலது கையால் தன் சில்லையும் இடது கையால் தவசிக்கனி சில்லையும் பிடித்து, இரண்டையும் ஒரே சத்தமாகச் சிவப்புப் பக்கம் திருப்பினான். பட்டறைப் பழக்கம். பதினோரு வருஷம் தனக்கு நடந்ததை அவன் கை திருப்பிச் செய்தது, அவ்வளவுதான். ஓகினோ அந்த நேரம் பஸ்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பஸ் பக்கவாட்டில் எழுதியிருந்ததைத் தவசிக்கனி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பதைப் பார்த்துவிட்டுக் குணசிங் எல்லாருக்கும் கேட்கும்படி, முதலில் தமிழிலும் பிறகு ஜப்பானியத்திலும் சொன்னான். "அண்ணாச்சி இந்த எழுத்தெல்லாம் படிச்சு முடிக்கதுக்குள்ள, இன்னைக்கு எறக்குற கப்பல் துருப்பிடிச்சுப் பழைய இரும்புக் கடைக்குப் போயிரும்."

வியட்நாம் சிரித்தது, நேபாளம் சிரித்தது, பர்மா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது. மேல் மாடி மரியசெல்வி மட்டும், மணப்பாட்டுக்காரி, முப்பத்துநாலு வயது, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், "ஒம்ம வாயில கொள்ளிய வைக்க" என்றாள், அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தவசிக்கனி ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக உட்கார்ந்திருந்தவர், மாட்டிய ஷூவைக் கழற்றி, அதன் ஜோடியோடு படியில் முனை வெளியே பார்க்க வைத்துவிட்டு, "நான் வரல" என்று மாடி ஏறிவிட்டார். வந்துவிடுவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். வரவில்லை. பஸ் போய்விட்டது.

பஸ் திரும்பி வந்தபோது அதில் குணசிங் இல்லை. மொழி நன்றாக வருகிறவன் ஒருவன் தெற்கே இருக்கிற கிளையில் உடனே வேண்டும் என்று, கப்பல் இறக்கிய இடத்திலிருந்தே அவனை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பெட்டியைப் பின்னால் அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தான். தன் சில்லைத் தன் கையால் திருப்பி, சொல்லிக்கொண்டும் போனவன் என்பதால் அவன் சில்லை ஓகினோ அன்றே கழற்றிப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டாள்.

தவசிக்கனி சாயங்காலம் பசியோடு கீழே இறங்கி வந்தார். அவருடைய தட்டு மேல் கண்ணாடித்தாள் போர்த்தி, 'இன்னும் வரவில்லை' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. ஐந்தாறு எழுத்துதான், கூட்டிப் படித்துவிட்டார். கோபத்தோடு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். எதிரே மரியசெல்வியும் தவசிக்கனியின் அறைத்தோழன் நேபாளத்துக் குருங்கும் வந்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சியக் காணுமே இன்னும்" என்றாள் மரியசெல்வி, அவர் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு.

"ஏம்மா, கேலி போதும். இங்கனதான இருக்கேன்" என்றார் தவசிக்கனி.

அவள் தலையைச் சாய்த்தாள், மடியில் தேடினாள், செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "ஹலோ, அண்ணாச்சி. எங்க இருக்கிய?"

"ஒனக்கு எதுக்கத்தான் இருக்கேன்."

"சரி, சரி. குளிரு பயங்கரமா இருக்கு, குல்லா போட்டிருக்கியளா?"

"மரியசெல்வி, என்னப் பாரு. இந்தா, கை."

"வைக்கட்டா அண்ணாச்சி, இங்க சாப்பாட்டு ரூம்ல போன் பேசக்கூடாதுன்னு கெழவி மொறைக்கா. பத்திரமா வாங்க." போனை மடியில் வைத்துவிட்டுக் குருங்கிடம், "வெளியதான் எங்கயோ நிக்காரு, காத்துச் சத்தமா கேக்கு" என்றாள்.

தவசிக்கனி எழுந்து வாசலுக்குப் போனார். பலகையில் ஓகினோவோடு சேர்த்து முப்பது பெயர் கறுப்பாக இருக்க, அவர் பெயர் சிவப்பாக இருந்தது. கையை நீட்டித் திருப்பினார். மறுபக்கமும் சிவப்பாக இருந்தது. மறுபடி திருப்பினார், சிவப்பு. சட்டை நுனியில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மரத்துக்குள் எவ்வளவு ஆழம் போனாலும் சிவப்பாகவே போயிற்று.

ஓகினோ அறைக்குப் போய் மேஜையைத் தட்டினார். அவள் நிமிர்ந்தாள், மேஜை மேலிருந்த தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைத்து, யாருமில்லாத கதவுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, தவசி-சான், எப்போது வருவீர்கள், சாலையில் பனி உறைந்திருக்கிறது, மெதுவாக நடந்து வாருங்கள் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பலகையில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

விடுதிக்கு இது பழகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏற்கெனவே ஒரு குழாயை விட்டுக்கொடுத்துப் பழகிய இடம். ஓகினோ தவசிக்கனியின் தட்டைத் தினமும் போர்த்தி வைத்தாள், தினமும் காலியாகக் கழுவினாள், வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று திருப்திப்பட்டாள். புதன்கிழமை படிக்கட்டுக் கூட்டுவது அவர் முறை, படிக்கட்டு சுத்தமாக இருந்தது, அறிவிப்புப் பலகையில் அவருக்கு நன்றி என்று எழுதி ஒட்டினாள். குளியல் தொட்டியில் அவர் முறை வரும் இருபது நிமிஷமும் தண்ணீர் ஒரு ஆள் அளவு உயர்ந்து நின்றது, அடுத்த முறைக்காரர்கள் வெளியே பெஞ்சில் துண்டோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள், தண்ணீர் இறங்கியதும் உள்ளே போனார்கள். குருங் இரவில் கால் நீட்டும்போது அவர் படுக்கைப் பக்கம் படாமல் மடக்கிக்கொள்வான், யாராவது அந்தக் கட்டிலில் உட்கார வந்தால், அவர் வெளியே போயிருக்கிறார், கால் மேல் உட்கார்ந்துவிடாதே என்பான். அவரோடு பேச வேண்டியவர்கள் போனைக் காதில் வைத்துப் பேசினார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் போன் கூடாது என்பதால் அங்கே மட்டும் யாரும் அவரோடு பேசுவதில்லை, அதனால் முப்பது பேர் நடுவில் உட்கார்ந்து அவர் மூன்று வேளையும் வாய் மூடிச் சாப்பிட்டார்.

வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிடுவாள். "ஹை" என்பார், இருக்கிறேன் என்று. அவள் தூரத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டவள் போலக் கொஞ்சம் நின்று, வரவில்லை என்று எழுதிக்கொள்வாள். பதினைந்து நாள் தொடர்ந்து வராதவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது சட்டம், ஆனால் பிடித்து அனுப்புவதற்கு ஆள் வேண்டுமே. நோட்டுகளை அடுக்கி வைத்தால் அவர் நோட்டும் அதில் சேர்ந்து போகும், திருத்தியும் வரும். கேலி செய்ய ஆள் இல்லாமல், கூச்சப்பட முகம் இல்லாமல், தவசிக்கனி அந்தக் குளிர்காலத்தில் எழுத்துகளை வெல்டிங் கோடு போல ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தார். ஜனவரி கடைசியில் அவர் நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் ஒரு பூ வரைந்திருந்தாள். வகுப்பில் யாருக்கும் அதுவரை பூ கிடைத்ததில்லை. அதைத் தூக்கிக் காட்டினார். நோட்டு மேஜையிலேயே இருப்பதாகத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

எதுவும் மாறாமல் இருந்தவள் ஒருத்திதான், ஊரில் அவர் சம்சாரம் சொர்ணபுஷ்பம். ஞாயிறுதோறும் போனில் பேசுவாள், சாப்பிட்டாச்சா என்பாள், அண்டை வீட்டுச் சண்டையைச் சொல்லுவாள், கண்ணுக்குத் தெரியாத ஆளோடு பேசுவது அவளுக்குப் புதிதில்லை.

ஷூ விஷயத்தைத்தான் யாரும் பேசவில்லை. அன்றைக்குப் படியில் கழற்றி வைத்த ஷூவைத் தவசிக்கனி பிறகு தொடவே இல்லை, வெளிக்கதவைத் தாண்டக் கால் எடுத்தால் மறுபடி படியிலேயே நிற்பார், அதனால் தொட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் தினமும் காலையில் அது ஈரமாக இருந்தது. ஒரு நாள் மணல் ஒட்டியிருந்தது, ஒரு நாள் மீன் செதில், ஒரு நாள் ரயில் பாதை ஜல்லியின் கறுப்புப் பொடி. முனை எப்போதும் வெளியே பார்த்தபடி இருக்கும். மீன்கடைக்காரி மரியசெல்வியிடம், உங்கள் ஊர்ப் பெரியவரை அலைதடுப்புச் சுவர் மேல் பார்த்தேன், சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னார், நல்ல மனுஷர் என்று சொல்லியிருக்கிறாள்.

"சிரிச்சேனா?" என்றார் தவசிக்கனி.

"நல்லாப் பல்லத் தெரியக் காட்டிச் சிரிச்சியளாம்" என்றாள் மரியசெல்வி, போனைத் தோளில் இடுக்கித் துணி மடித்துக்கொண்டே. "நமக்கெல்லாம் இந்த முகத்தக் காட்டல, மீன்காரிக்குக் காட்டியிருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன்."

தவசிக்கனி விரலால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். அவர் சிரித்து வருஷக்கணக்கு ஆயிற்று.

குணசிங்குக்கு வாரம் ஒரு தடவை போன் போட்டார். "வந்து திருப்பிட்டுப் போ."

"வாரேன் அண்ணாச்சி, இங்க வேல கழுத்த நெரிக்கி. அந்தச் சில்லுதான, கெழவிகிட்ட சொல்லித் திருப்பச் சொல்லுங்களேன்."

"அவ மாட்டேங்கா. திருப்பினவன்தான் திருப்பணுமாம். அந்த மங்கோலியாக்காரனுக்குத் திருப்பினவன் செத்தே போயிட்டானாம், அதான் அவன் இன்னும் பல்லு தேய்ச்சிக்கிட்டு இருக்கான்."

குணசிங் சிரித்தான். "நான் சாக மாட்டேன் அண்ணாச்சி."

"நீ செஞ்சது தப்பா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல."

"மேஸ்திரி கூப்புடுதான் அண்ணாச்சி, பொறவு பேசுதேன்" என்பான், வைத்துவிடுவான்.

பிப்ரவரியில் தீ ஒத்திகை வந்தது. மணி அடித்ததும் எல்லாரும் ஈரத் துணியை மூக்கில் வைத்துக் குனிந்து இறங்கினார்கள். தவசிக்கனி இறங்கவில்லை. அவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்பினார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டப்பகல், பனி வெளிச்சம் அறை முழுக்க நிறைந்திருந்தது. ஷூச் சத்தம் வந்தது, கதவு திறந்தது, வெள்ளைத் தொப்பித் தலைவன் உள்ளே வந்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அலமாரியைத் திறந்து பார்த்தான், பிறகு டார்ச் வெளிச்சத்தைத் தவசிக்கனி முகத்தில், ஒரு கண்ணில், பிறகு மறு கண்ணில், சரியாக அடித்தான். வெளிச்சம் சூடாக இருந்தது. "யாருமில்லை" என்று தோளில் இருந்த ரேடியோவில் சொல்லிவிட்டு, கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மூடிவிட்டுப் போனான். கீழே அவன் ஓகினோவிடம், முப்பது கறுப்பு, முப்பது பேர், குறையே இல்லை, இவ்வளவு ஒழுங்கான விடுதியைப் பார்த்ததில்லை என்று சொல்வதும் எல்லாரும் கை தட்டுவதும் ஜன்னல் வழியாகக் கேட்டது.

அன்றைக்கு அவருக்குப் புரிந்தது. மார்ச் கடைசியில் வகுப்பு முடியும், எல்லாரும் அவரவர் சில்லைக் கழற்றி நினைவுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்தவன் கை திருப்பிய சிவப்புச் சில்லைக் கொக்கியிலிருந்து எடுக்க முடியாது, வெளியே போனவர் வராமல் எப்படி விடைபெறுவார் என்பது ஓகினோ சொல்லும் நியாயம். அதற்குள் குணசிங் வந்து திருப்பவில்லை என்றால் அவர் எட்டாவது குழாய்க்குப் பக்கத்தில் ஏழாவது குழாய்.

மார்ச் நடுவில் ஒரு காலை, படியில் ஷூ இல்லை. மறுநாளும் இல்லை. போன கால் திரும்பவில்லை.

கடைசி நாள் குணசிங் வந்துவிட்டான். கம்பெனி பெயர் போட்ட புதுச் சட்டை, கையில் எல்லாருக்கும் இனிப்புப் பெட்டி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் போக வேண்டும். மரியசெல்வி அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பலகை முன்னால் நிறுத்தினாள். ஓகினோ சில்லைத் தவிர மற்ற கொக்கிகளெல்லாம் காலியாக இருக்க, மங்கிய சிவப்பு ஒன்றும் பளிச்சென்ற சிவப்பு ஒன்றும் தொங்கின. ஓகினோ பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். தவசிக்கனி பலகைக்கும் குணசிங்குக்கும் நடுவில் நின்றார், அவன் மூச்சு முகத்தில் பட்டது.

"இம்புட்டுதான விஷயம்" என்று குணசிங் கையை நீட்டினான்.

"ஏ குணசிங்கு" என்றார் தவசிக்கனி. அவன் கை நின்றது, மறு கையால் போனை எடுத்துக் காதில் வைத்தான். "திருப்புறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திருப்பு. நான் செஞ்சது தப்பு அண்ணாச்சின்னு சொல்லு. அது போதும்."

"என்ன அண்ணாச்சி நீங்க. அதான் சொல்லியாச்சே."

"எப்பச் சொன்ன?"

"போன வாரம். நான் இப்ப வேல பாக்குற ஊரு ஸ்டேஷன்ல வச்சு." குணசிங் அவர் காதுக்கும் தன் காதுக்கும் நடுவில் இருந்த வெறும் காற்றைப் பார்த்துச் சிரித்தான். "வெறுங்கைய வீசிக்கிட்டு நின்னிய. பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. நான் செஞ்சது தப்பு அண்ணாச்சி, பதினோரு வருசம் டோக்கன் போட்டதுக்கும் சேத்துச் சொல்லுதேன், மன்னிச்சிருங்கன்னு கால்லயே விழப் போனேன். நீங்கதான் தூக்கி, அட விடுல, அதெல்லாம் ஒரு விஷயமான்னு முதுகுல தட்டினிய. சிரிச்சிய. அழுதுட்டேன் அண்ணாச்சி நான்."

மரியசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது நான் இல்ல" என்றார் தவசிக்கனி.

"வேற யாரு?"

"அவன்ட்டச் சொன்னது அவனுக்கு. எனக்குச் சொல்லு."

"ஒரே காரியத்துக்கு எத்தன வாட்டி அண்ணாச்சி மன்னிப்புக் கேக்கது? ஒரு மனுசன் ஒரு வாட்டிதான் கேப்பான். அதும் மனசாரக் கேட்டாச்சு. இனி கேட்டா அது வெறும் வாய்தான்." அவன் குரலில் கேலி இல்லை, அதுதான் தவசிக்கனிக்குத் தாங்கவில்லை. "சரி, தள்ளுங்க, திருப்புதேன்."

கை மறுபடி வந்தது. தவசிக்கனி சில்லைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். பதினோரு வருஷத்து வார்த்தையை எவனோ ஒருவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போய்விட்டான், வெறும் திருப்பலை மட்டும் இவர் வாங்கிக்கொண்டு கறுப்பாக வேண்டுமாம். குணசிங்கின் விரல்கள் அவர் விரல் முட்டிகள் மேல் வந்து தடவின, சில்லின் விளிம்பைத் தேடின, நெம்பிப் பார்த்தன. இருபத்தைந்து வருஷம் வெல்டிங் பிடித்த கை, அது திறக்கவில்லை.

"எறுகிப் போயிருக்கு" என்றான் குணசிங். விரலை வாயில் வைத்து ஊதினான். "ஐஸ் மாதிரி இருக்கு. பனியில மரம் ஊதிப்போச்சு போல."

பஸ் ஹாரன் அடித்தது. ஓகினோ பலகையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மெதுவாகக் குனிந்து வணங்கினாள், யாருக்கு என்று தெரியவில்லை. மரியசெல்வி போனைக் காதில் வைத்து, "அண்ணாச்சி, வாரேன். ஒடம்பப் பாத்துக்கிடுங்க. எங்கனயாவது பாத்தா சிரிங்க" என்றாள். குருங் காலியாகக் கிடந்த இடத்துக்குக் கை குவித்தான். குணசிங் கடைசியாக ஏறினான். ஏறும்போது திரும்பி, "வாரேன் அண்ணாச்சி" என்றான்.

"சொல்லிட்டுப் போ" என்றார் தவசிக்கனி. போன் அவன் பைக்குள் போய்விட்டிருந்தது.

கையைத் திறந்தபோது சில்லு அவர் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்து, சொர்ணபுஷ்பம் மூச்சு வாங்க எடுத்தாள்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

"தவசிக்கனி."

அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது, அதோடு யாரோ ஒரு ஆண் பாட்டு ஒன்றை முனகும் சத்தமும். "இங்க பாருங்க, வெளையாட்டு வேண்டாம்" என்றாள் அவள், கோபமில்லாமல், அவர் கல்யாணமான புதிதில் கேட்ட குரலில். "அவுக முந்தாநாளே வந்துட்டாக. உள்ள குளிச்சிக்கிட்டு இருக்காக." வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் புது ஆட்கள் வந்தார்கள். எட்டுக் குழாயில் ஆறைத்தான் தொட வேண்டும் என்று ஓகினோ முதல் நாளே காட்டிக்கொடுத்தாள். ஏழாவது தவசி-சான், கொஞ்சம் வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார். புது ஆட்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். ஆறு பத்துக்கு இரண்டு குழாயும் ஒன்றாகத் திறக்கும், தவசிக்கனி வாய் கொப்பளித்துக்கொண்டே பக்கத்துக் குழாயைப் பார்ப்பார், அங்கே தண்ணீர் மட்டும் விழும்.

இப்போது அவருக்கு எல்லா எழுத்தும் தெரியும். சாயங்காலங்களில் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படிப்பார். கதவு திறந்து யாராவது பனியோடும் மழையோடும் உள்ளே வந்து "ததைமா" என்றால், எல்லாருக்கும் முந்தி அவர்தான் "ஒகாயேரி" என்பார். வந்தவர்கள் திடுக்கிடாமல் பையில் போனைத் தேடுவார்கள். அவர்கள் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஓகினோ மேலும் இல்லை, டீச்சர் மேலும் இல்லை, டார்ச் அடித்தவன் மேலும் இல்லை, ஊரில் அவர் துண்டில் தலை துவட்டிக்கொண்டிருக்கிறவன் மேல்கூட ஒருவேளை ஒரு நாள் இல்லாமல் போகலாம். ஆனால் ஒருவனுக்குச் சேர வேண்டிய வார்த்தையை வேறொருவனிடம் சொல்லிவிட்டு வந்தால் அது சொன்னதாகாது. தவசிக்கனி கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குணசிங் இன்னும் சொல்லவில்லை.